ஒரு தலைக்கு இரண்டு தொப்பி

உலகக் கோப்பை வந்தால் எங்கள் முக்கில் ஆளுயரத்துக்கு மேலே படங்கள் முளைத்துவிடும். ஒரு பக்கம் பிரேசில்காரன், எதிர்ப்பக்கம் அர்ஜென்டினாக்காரன். பாறசாலைக்கும் அந்த நாடுகளுக்கும் என்ன கொடுக்கல் வாங்கலோ தெரியாது, பையன்கள் மஞ்சள் சட்டையும் நீலவரிச் சட்டையுமாக ரோட்டை அளந்துகொண்டு திரிவார்கள். போன தடவை பக்கத்து வீட்டுப் பையன் வேலியில் சாய்ந்துகொண்டு, "சிஸ்டரம்மா எந்த டீம்?" என்று கேட்டான். நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இந்தத் தெருவுக்கு நான் சாகும்வரை சிஸ்டரம்மாதான். அயர்லாந்து என்றேன். அது இந்தத் தடவை கோப்பைக்கே வரவில்லையே என்று சிரித்தான். வராவிட்டால் போகட்டும், எனக்கு அதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்தப் பையனுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. என் பிராயத்துக்காரர்களுக்குச் சொன்னால் பாதி விளக்கம் மிச்சம். எல்லைத் தகராறு நடந்த வருடங்களில் நீங்களும் பாவாடையோ நிக்கரோ போட்டுக்கொண்டு இந்தப் பக்கத்தில்தான் எங்கேயோ இருந்திருப்பீர்கள். காலையில் தமிழ் எழுத்தாக இருந்த சுவர் சாயங்காலம் மலையாள எழுத்தாக மாறியிருக்கும். தமிழ் பேசுகிற தெற்குத் தாலுகாக்களை மதராசோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒரு பிடி மண்ணையும் திருவனந்தபுரம் விட்டுக்கொடுக்காது என்று இன்னொரு கூட்டம். நம்ம வீடுகள் இரண்டுக்கும் நடுவில் கிடந்தன. சந்தையில் தேங்காய் விலை கேட்கக்கூட எந்தப் பாஷையில் கேட்பது என்று ஆட்கள் ஒரு நொடி யோசித்தார்கள்.

எங்கள் அப்பா சர்க்கார் பள்ளிக்கூடத்து வாத்தியார். பகலெல்லாம் மலையாளத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் கோபப்படுவார். அம்மா வீட்டிலிருந்து ரேந்தை பின்னுவாள். மிஷன் பெண்கள் மேசை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் பின்னுவார்களே, அந்த நூல் வேலை. அம்மாவுக்கு ஒரே தம்பி, எங்கள் மாமா. பெற்றவர்கள் சின்னதிலேயே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். அவர் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, எங்கள் வீட்டிலேயே தூங்கி, எங்களுக்கு மூத்த அண்ணனைப் போல இருந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், அதாவது புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறவர். சாயங்காலம் ஆனால் பந்து.

நான் பார்த்த மனிதர்களில் மாமாவைப் போலப் பந்து அடித்தவர் இல்லை. நான் பெண்பிள்ளை, எனக்கென்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நெய்யாற்றங்கரையிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் ஆட்கள் நடந்து வந்து நெல்வயல் ஏலாவின் வரப்பில் நின்று பார்த்தார்களே, அவர்களைக் கேளுங்கள். கொய்த்து முடிந்த வயலில் நெல்லின் அடித்தாள் காலில் குத்தும். அதில் வெறுங்காலோடு ஓடுவார், கணுக்காலில் மட்டும் ஒரு துணிக்கட்டு. பந்து தோலில் தைத்தது. மழை பெய்தால் நனைந்து ஒரு பூசணிக்காய்க் கனம் கனக்கும். வாய் கட்டிய வார் நெற்றியில் பட்டால் அச்சு விழும். மாமா நெற்றியில் அந்த அச்சோடு சபைக்கு வந்து உட்கார்ந்திருப்பார், உபதேசியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பார்.

மாமா எங்கள் ஊர் வயலிலிருந்து திருவனந்தபுரத்து கிளப் வரை போயிருந்தார். ஓணம் கழிந்ததும் மாநில டீமுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், இவர் பெயரும் பேச்சில் அடிபடுகிறது என்று அந்த வருடம் சொன்னார்கள். ஆடியில் தொடங்கி வீட்டில் வேறு பேச்சு இல்லை. அதில் எடுபட்டால் கல்கத்தா, அதற்கு மேலே கப்பல் ஏறி வெளிநாடு. அம்மாவுக்குக் கல்கத்தாவே வெளிநாடுதான்.

இனி அயர்லாந்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு. இங்கிலீஷ்காரர் என்றுதான் ஊரே நினைத்தது. அப்படிச் சொன்னால் அவருக்கு முகம் சிவந்துவிடும், அயர்லாந்துக்காரர். தமிழை வேதாகமத்திலிருந்து படித்த மனுஷன், அதனால் ஆபரேஷன் கத்தியைக் கேட்டாலும் தீர்க்கதரிசி பேசுவதைப் போலிருக்கும். மத்தியானம் மாமாவுக்குத் தூக்குச்சட்டியில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுபோவது என் வேலை. அவர் சாப்பிடும்போது டாக்டர் சில நாள் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தன் பெரியம்மா மகனைப் பற்றிச் சொல்லுவார். அவர் சொல்லச் சொல்ல மாமாவின் கை சட்டியிலேயே நின்றுவிடும். அந்தப் பெரியம்மா மகன்தான் அயர்லாந்துக்குப் பந்து அடித்தவர்.

கப்பல் கட்டும் பட்டறையில் இரும்பாணி அடிக்கிற குடும்பம். சின்ன வயதில் பட்டறைச் சுவரில் பந்தை அடித்து அடித்துக் கற்றுக்கொண்டவன். நடு ஆட்டக்காரன், மாமா நிற்கிற அதே இடம். இங்கிலாந்தில் ஒரு கிளப் கூலி கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டது. பேரெடுக்கிற சமயம் பார்த்து யுத்தம் வந்தது. ஓடுகிற காலில் பல வருடம் பட்டாள பூட்சு ஏறிவிட்டது. யுத்தம் முடிந்து திரும்பியபோது தலையில் பாதி மயிர் இல்லை, ஆனாலும் நாடு கூப்பிட்டது. ஒரு நாடு அல்ல, இரண்டு.

"எங்கள் தேசமும் இரண்டாகப் பிளக்கப்பட்டது" என்றார் டாக்டர். "வடக்கும் தெற்கும். ஆனால் இரண்டு அணிகளும் தங்களுக்கு அயர்லாந்து என்றே பேரிட்டுக்கொண்டன. ஆகையால் அவனை இவர்களும் அழைத்தார்கள், அவர்களும் அழைத்தார்கள். ஒரே வாரத்தில் அவன் இருவருக்காகவும் ஆடினான்."

மாமா நம்பவில்லை. "ரெண்டு பக்கத்துக்கும் ஒருத்தனா டாக்டரையா? அடி கிட்டலியா அவருக்கு?"

"அடி இல்லை. தொப்பிகள் கிடைத்தன."

அந்த ஊர் வழக்கம் அது. நாட்டுக்காக ஆடினவனுக்குக் குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி கொடுப்பார்கள். அதில் எழுத்து தைத்திருக்கும். டாக்டர் ஒரு போட்டோ காட்டினார். மெலிந்த மனுஷன் ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தொப்பிகளை அடுக்கி வைத்திருந்தார். சந்தோஷப்பட்ட முகம் இல்லை அது, பல் வலிக்கிற முகம். பல்லுக்காரரிடம் போகிற வழியில் எடுத்த படம் என்று டாக்டரே சொன்னார்.

கடைசியில் என்ன ஆயிற்று என்று மாமா கேட்டார். கடைசியில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததாம், இனி ஒருவன் ஒரு பக்கத்துக்குத்தான் ஆடலாம் என்று. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மற்றப் பக்கத்தார் அவரை ரோட்டில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு முழங்கால் போயிற்று. இப்போது கடை வைத்திருக்கிறார். என்ன கடை என்று மாமா கேட்டதற்கு டாக்டர் பதில் சொல்லாமல் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். சாராயக் கடை என்று பின்னால் நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும்.

மாமா மட்டும் இந்தக் கதையில் சோகத்தைக் கேட்கவே இல்லை. அவருக்குக் கணக்கு வேறு. இன்றைக்குத் திருவனந்தபுரம் கூப்பிடுகிறது, ஆடி ஒரு தொப்பி. நாளைக்கு எல்லை மாறி நாம் மதராசோடு போனால் மதராஸ் கூப்பிடும், ஆடி இன்னொரு தொப்பி. ஊரெல்லாம் எல்லைக்காக அடித்துக்கொண்டு கிடந்தபோது, எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நஷ்டம் இல்லாத ஒரே ஆள் எங்கள் மாமா.

"அந்த உத்தரவு இஞ்ச வாறதுக்கு முன்ன ரெண்டையும் வாங்கிப் போடணும் அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார்.

தெற்குவீட்டில் ஒரு தலைவர் இருந்தார், போராட்டக்காரர், நல்ல மனுஷன்தான். அவர் ஒருநாள் வழி மறித்து, "எலே, அவனுவளுக்கு வேண்டி பந்து அடிக்கப் போவாத. நம்ம ஆளுவளுக்குச் சங்கடமாக்கும்" என்றார். மாமா சிரித்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு தொப்பியும் வேணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தார். தலைவர் போட்டிருந்தது வெள்ளைக் கதர்த் தொப்பி. அந்தக் காலத்தில் போலீசுக்கும் தொப்பி உண்டு, கூம்பு மாதிரி. தொப்பி என்றால் எங்கள் பக்கத்தில் இந்த இரண்டும்தான். பந்து விளையாட்டுக்குத் தொப்பி உண்டு என்று யாருக்குத் தெரியும்? மாமா சொன்னது ஊரில் எப்படிச் சுற்றியது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அம்மா அந்தக் கதையை எடுத்துக்கொண்ட விதம் இன்னும் வேறு. "இஞ்சத்த சர்க்கார் ஒரு துவர்த்துத் துண்டு குடுக்காது, தொப்பியா குடுக்கப் போவுது?" என்றாள். "போற பிள்ள கையோட கொண்டுபோவட்டும். அங்க உள்ளவன் எடுத்துத் தலையில வச்சு விடுவான்." மாப்பிள்ளை வீட்டார் கொடுக்காத மோதிரத்தை நாமே வாங்கிக்கொண்டு போகிற மாதிரி. மாமா அப்படி இல்லை அக்கா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்டால்தானே.

சபையின் நற்கருணை மேசைக்குத் தைத்ததில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டில் ஒன்று. டாக்டரின் சம்சாரம் கழித்துப்போட்ட நீலக் கவுனில் ஒன்று. மாமா கேட்டு வாங்கி வந்து காட்டிய போட்டோவை ஒருமுறைதான் பார்த்தாள், அதில் இருந்த குஞ்சம் முதற்கொண்டு கொண்டுவந்துவிட்டாள். எழுத்து மட்டும் அவளுக்குத் தெரியாது. அப்பா துணியில் பென்சிலால் இங்கிலீஷ் எழுத்து எழுதிக் கொடுத்தார். திருவிதாங்கூர்-கொச்சிக்கு 'டி சி', மதராசுக்கு 'எம்'. அம்மா அதன்மேல் ரேந்தை நூலால் தைத்தாள். அவளுக்கு வேண்டிய அளவு வெளிச்சம் வாசலில்தான் கிடைக்கும் என்பதால் ஊரே பார்க்க உட்கார்ந்து தைத்தாள். முடிந்ததும் என் தலையில் ஒன்றும் என் தம்பி தலையில் ஒன்றும் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததைப் பிற்பாடு நான் அதிகம் பார்த்ததில்லை. புது வெல்வெட்டுக்கு ஒரு வாசனை உண்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் மாதிரி. அது இன்னும் எனக்கு ஓர்மை இருக்கிறது.

ஓணத்துக்கு முன்னால் தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, உங்கள் வீடுகளிலும் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது. காயம்பட்டவர்களைத் துணியில் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கல்லெறி பட்ட போலீஸ்காரர்களும் வந்தார்கள். மாமா எல்லாருக்கும் கட்டுப் போட்டார். அவர் வேலை அது. வந்தவர்களில் சிலர் இரவோடு இரவாக எழுந்து போய்விட்டார்கள், போனவர்களின் பெயர் போலீசுக்கு வேண்டியிருந்தது.

கட்டுப் போட்டவரைத் தேடிப் போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது காலை நேரம். நாலைந்து பேர், முன்னால் ஒரு இன்ஸ்பெக்டர். மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார். பெட்டியைத் திறந்தார்கள், அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். அம்மாவின் தையல் கூடையிலிருந்து தொப்பிகள் இரண்டும் வெளியே வந்தன.

"இதெந்தா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இங்கேதான் நான் எத்தனையோ தடவை நின்று நின்று யோசித்திருக்கிறேன். அம்மா பயந்தவளாக இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாள். அவளோ இந்த ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவள் போல முன்னால் வந்தாள். தன் தம்பி எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள்.

"எனக்க தம்பிக்கு உள்ளதாக்கும் ஏமானே. செவப்பு திருவனந்தரத்துக்கு. நீலம் மெட்ராசுக்கு. அவன் ரெண்டு பக்கத்துக்கும் உள்ளவன். ரெண்டு பக்கத்துக்காரனும் அவனத் தேடுவானுவ. இந்தத் தாலுகாவில அப்படி ஒருத்தன் கிடையாது ஏமானே."

இன்ஸ்பெக்டர் 'எம்' என்ற எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு தலைக்கு ரண்டு தொப்பியோ?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் ஏமானே" என்றாள் அம்மா, சிரித்தபடி.

பந்து என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. உலகத்துக்கே தெரிந்த விஷயத்தை எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்? அவள் பேச்சு போலீஸ் காதில் எப்படி விழுகிறது என்று அப்பாவுக்கு மட்டும் புரிந்தது. நல்ல மலையாளம் தெரிந்த மனுஷன், இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சர்க்கார் சம்பளம், மூன்று பிள்ளைகள், எழுத்து எழுதிக் கொடுத்தது தன் கை. பேசாமல் இருந்தால் தானாகக் கடந்து போகும் என்று நினைத்திருப்பார். அவரை இப்போது நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நிற்பை மறக்கவும் இல்லை.

தொப்பிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அவை திரும்பி வரவில்லை. அன்று மத்தியானம் நான் தூக்குச்சட்டியோடு போனபோது மாமா ஆஸ்பத்திரியில் இல்லை. கொண்டுபோய்விட்டார்கள் என்று நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சோறு அப்படியே திரும்பி வந்தது.

டாக்டர் திருவனந்தபுரம் வரை போய் யார் யாரையோ பார்த்து மாமாவை வெளியே கொண்டுவந்தார். வீட்டுக்கு அனுப்பாமல் நேராக வார்டில் படுக்கவைத்தார். மாமாவின் பாதங்கள் அவருடையவை மாதிரி இல்லை. வீங்கி, நிறம் மாறி, வலது கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். நான் பின்னாளில் எத்தனையோ கால்களுக்கு மருந்து போட்டிருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். சின்னப் பிள்ளைதானே என்று என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"அக்காகிட்ட இது பந்தில பட்டதுண்ணு சொல்லணும் டாக்டரையா" என்றார் மாமா.

"இது பந்தினால் வந்த காயம் அல்லவே" என்றார் டாக்டர்.

"ஓரோ அடிக்கும் அவன் சொன்னான், உனக்க சேச்சியே சொல்லிப்போட்டா, ரெண்டு பக்கத்துக்கும் உள்ளவன்ணு. இஞ்சயும் அங்கயும் ஒற்று சொல்லுயவன்ணு அவன் நினச்சிட்டான். பந்துண்ணு சொல்லிப் பாத்தேன், கேக்கல்ல. இது அவளுக்குத் தெரிஞ்சா அவ ஜீவிக்க மாட்டா. என்ன வளத்தது அவளாக்கும்."

டாக்டர் குனிந்து காலில் கட்டைச் சுற்றத் தொடங்கினார். இரண்டு பக்கத்துக்கு ஆடியவனின் கதையைச் சொன்னது அவர்தானே. அவர் அந்த வராந்தா நாற்காலியில் அதற்குப் பிறகு உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

அம்மா வந்தாள். மாமா அவளிடம் சொன்ன கதை இது. போலீஸ் சும்மா விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. "நீ நல்ல கொள்ளாம் போல பேசினியே அக்கா, அதுனாலயாக்கும் விட்டானுவ." வெளியே வந்ததும் நேராகப் பிராக்டீசுக்குப் போனார். அங்கே பூட்சு போட்ட இரண்டு பேர் பாதத்தில் ஏறி மிதித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

அம்மா அதை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இல்லை. அவள் தம்பி அவளிடம் அதுவரை பொய் சொன்னதில்லை.

ஓணம் வந்து போயிற்று. திருவனந்தபுரத்தில் ஆள் எடுத்தார்கள். மாமா காலில் மாவுக்கட்டோடு எங்கள் அடுக்களை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அம்மா உள்ளே போய்ப் பந்தை எடுத்து வந்தாள். "உனக்க காலத் தின்ன சவம்" என்று சொல்லி அரிவாளால் கீறி, காற்றை இறக்கி, அடுப்பில் வைத்தாள். தோல் சட்டென்று எரியாது. சுருண்டு, கறுத்து, வீடெல்லாம் நாற்றம். உள்ளே இருந்த ரப்பர் பிளாடர் உருகிச் சொட்டியது. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "காப்பி உண்டுமா அக்கா?" என்று கேட்டார். அதே அடுப்பில் அவள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள், அவர் குடித்தார்.

எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. புகை என்று சொன்னேன்.

இரண்டு வருடத்தில் எல்லை வரைந்தாயிற்று. நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்தில், கூப்பிடு தூரத்தில் அந்தப் பக்கம், மதராஸ். தெற்குவீட்டுத் தலைவர் மனம் உடைந்து களியக்காவிளைக்கு அப்பால் மகள் வீட்டோடு போய்விட்டார். போகிற அன்று மாமாவைப் பார்க்கவில்லை. மாமா ஒற்றுச் சொல்கிறவர் என்று அவர் பக்கத்திலும் நம்பினார்கள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் காதில் விழுந்தது. டாக்டர் ஊருக்குக் கப்பலேறினார். மாமா காலை இழுத்து இழுத்து நடந்து, தலை நரைக்கும்வரை கட்டுப் போட்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பந்து இல்லை. என் தம்பிமார் தெருவில் பந்தைத் தொட்டால்கூட அம்மா விளாறெடுத்துக்கொண்டு ஓடுவாள். மாமா தடுக்க மாட்டார். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசையை அவள் நாளெல்லாம் சபித்துக்கொண்டிருப்பாள், அவர் ஆமாம் அக்கா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

மாமாதான் முதலில் போனார். அடக்கத்தில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பந்தாக்கும் இவனக் கொன்னது" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

அம்மா அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தாள். கடைசிக் காலத்தில் கண் தெரியாது, பேச்சு மட்டும் தெளிவு. ஒருநாள் காலையில் நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். சாவு பயம் வந்துவிட்டதா, அல்லது தம்பியை நினைத்தாளா தெரியாது, கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"மக்கா, நான் எனக்க தம்பிக்கு ஒரு நன்மையும் செய்யல்ல. படிக்க வைக்கல்ல, ஒரு பெண்ணப் பாத்துக் கெட்டி வைக்கல்ல. ஆனா அண்ணைக்கு ஏமான்கிட்ட நான் பேசினேனே, உனக்கு ஓர்மை உண்டா? நான் பேசினதுனாலதானே அவன விட்டானுவ?"

"ஆமா அம்மா" என்றேன். "நீ பேசினதுனாலதான்."

அவள் கஞ்சியைக் குடித்தாள்.